ஏஜன்ட்டா, கராஜ் பாஸா? கொழும்பில் காரை யாரிடம் கொடுப்பது

வெள்ளவத்தை ஹம்டன் லேனில் வேகத்தடை ஏறும்போதெல்லாம் காரின் முன்பக்கத்தில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஏறும்போது மட்டும்தான், இறங்கும்போது வராது. அதுவும் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்திருந்தால்தான். மூன்று வாரம் கேட்டதில் எனக்குப் பழகிப்போய்விட்டது. மனைவிக்குப் பழகவில்லை. “சில்லு கழண்டு ஓடப்போகுது, நீங்கள் ரேடியோவைக் கூட்டி வைச்சுக்கொண்டு இருங்கோ” என்றாள்.

கார்க் கொம்பனியின் ஏஜன்ட்டிடம் கொண்டுபோனேன். எந்தக் கார் என்று சொல்லப்போவதில்லை. கொழும்பில் ஒரு பிராண்டுக்குப் பெரும்பாலும் ஒரே ஏஜன்ட். டொயோட்டா என்றால் வத்தளையில் டொயோட்டா லங்கா, ஹொண்டா என்றால் ஸ்டாஃபர்ட், மிட்சுபிஷி என்றால் யுனைட்டட் மோட்டர்ஸ், பென்ஸ் என்றால் டிமோ. காரின் பெயரைச் சொன்னால் ஆளைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஜப்பானில் ஓடி, ரீகண்டிஷனாக இங்கே வந்த 2014 ஹைபிரிட் (பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடுவது) என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

இரண்டு மணித்தியாலம் குளிரூட்டிய அறையில் இருந்து பால் தேநீர் குடித்த பிறகு எஸ்டிமேட் வந்தது. லோவர் ஆம் இரண்டு, முன் ஷொக் அப்சோபர் இரண்டு, அதன் மவுன்டிங், வீல் அலைன்மென்ட், வேலைக்கூலி. மொத்தம் இரண்டு லட்சத்து 14 ஆயிரம் ரூபாய். “சத்தம் எதிலிருந்து வருகிறது?” என்று கேட்டேன். “பத்து வருட வாகனம் சேர், எல்லாம் தேய்ந்திருக்கும். இவ்வளவையும் மாற்றினால் சத்தம் கட்டாயம் போகும்” என்றார் மேசையில் இருந்தவர். போகும்தான். வீட்டையே இடித்துக் கட்டினால் ஒழுக்கும் நிற்கும்.

பிறகு பாமன்கடைப் பக்கம் ஒரு கராஜ். நான்கு கார் நிற்கும் இடம், தகரக் கூரை, ஒரு குழி. அங்கே உள்ளவரைத் தெருவில் எல்லோரும் சிங்கள வழக்கப்படி பாஸ், அதாவது கைவேலை தெரிந்த மேஸ்திரி, என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். ஹட்டன் பக்கத்து ஆள், வயது ஐம்பது இருக்கும். என்னிடம் சாவியைக்கூட வாங்கவில்லை. பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, “சத்தம் வர்ற எடத்துக்கே ஓட்டுங்க சார்” என்றார். ஹம்டன் லேனில் மூன்று தடவை ஏறி இறங்கினோம். மூன்றாவது தடவை கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிக் கேட்டார். திரும்பி வந்து குழிக்குள் இறங்கியவர், வலப்பக்க லிங்க் ரொட்டை, சஸ்பென்ஷனில் உள்ள ஒரு சின்ன இணைப்புக் கம்பியை, கையால் பிடித்து ஆட்டினார். அதே ‘டொக்’. என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்து இன்னொரு தடவை ஆட்டிக் காட்டினார். இரண்டு லிங்க் ரொட், கூலியோடு 17,500 ரூபாய். சத்தம் போய்விட்டது.

இதோடு நிறுத்திவிட்டு, கராஜ்தான் நல்லது, ஏஜன்ட் கொள்ளை அடிக்கிறான் என்று எழுதிவிட்டுப் போகலாம். கொழும்பில் கார் வைத்திருக்கும் பாதிப்பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அதே பாஸ் அடுத்த வருடம் எனக்கு 85,000 ரூபாய் நட்டம் வைத்தார். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நம்முடைய நிலைமை கொஞ்சம் விசேஷமானது. வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்தால், காரை விற்ற ஷோரூமுக்கும் வெளிக் கராஜுக்கும் நடுவில் எது என்ற கேள்வியாக இது இருக்கும். இங்கே ஓடும் ஜப்பான் கார்களில் ஏராளமானவை ஏஜன்ட் விற்றவை அல்ல. ஜப்பானில் யாரோ ஓட்டி, ஏலத்தில் போய், கப்பலில் வந்து, ஏதோ ஒரு கார் சேல் முற்றத்தில் நின்று நம் கைக்கு வந்தவை. ஆகவே ஏஜன்ட்டுக்கும் நமக்கும் பழைய கடன் எதுவும் இல்லை. அவர்கள் பார்த்துத் தருவார்கள், பார்ட்ஸ் விற்பார்கள், ஆனால் அது அவர்கள் விற்ற கார் இல்லை. சில மொடல்களை ஏஜன்ட் இங்கே விற்றதே இல்லை என்பதால், பார்ட்ஸ் ஓடர் பண்ணிக் காத்திருக்க வேண்டியும் வரும்.

அடுத்தது, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் இருந்த காரையே எல்லோரும் பிடித்துக்கொண்டு ஓட்டினோம். நடுவில் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 வரை ஏறியது. ஷொக் அப்சோபர் ஒன்றின் விலை பழைய சோடி விலையைத் தாண்டியதும் அப்போதுதான். சில நாடுகளில் பத்து வருடக் கார் என்றால் கழித்துவிடும் வயது. இங்கே அது பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிற கார். பழைய காரை ஓட வைக்கும் கலை ஏஜன்ட்டைவிடக் கராஜ்களுக்கே அதிகம் தெரியும். வேறு வழியில்லாமல் படித்துக்கொண்டார்கள்.

விலை வித்தியாசத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, நம்முடைய முறைப்பாடு யார் காதில் விழுகிறது என்பது. ஏஜன்ட்டின் இடத்தில் நீங்கள் கதைப்பது சேர்விஸ் அட்வைசரோடு. அவர் எழுதுவது ஜொப் கார்ட். நான் அன்று “வேகத்தடை ஏறும்போது, ஸ்டியரிங் வலப்பக்கம் திரும்பியிருந்தால், ‘டொக்’ என்று ஒரே ஒரு தடவை” என்று எனக்குத் தெரிந்த சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கலந்து சொன்னேன். ஜொப் கார்டில் அது ‘முன்பக்கச் சத்தம், பார்க்கவும்’ என்று ஆங்கிலத்தில் மூன்று சொல்லாகப் போய்விட்டது. அந்தத் தாள் ஒரு மேற்பார்வையாளரிடம் போய், அவரிடமிருந்து ஒரு இளம் டெக்னீஷியனிடம் போகிறது. அவன் காரை ஏற்றி, எதெது தேய்ந்திருக்கிறது என்று பார்த்து எழுதுகிறான். அவன்மேல் குற்றமில்லை. சத்தத்தை அவன் கேட்கவே இல்லை. அந்த வளாகத்துக்குள் வேகத்தடையும் இல்லை.

தமிழில் காரின் நோவைச் சொல்ல எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள். கடகட என்றால் ஒன்று கழன்றிருக்கிறது. கிறீச் என்றால் பிரேக் பேட் அல்லது பெல்ட். கொரகொர என்றால் வீல் பெயாரிங், வேகம் கூடக் கூட அதுவும் கூடும். டிக் டிக் என்று முழு ஸ்டியரிங்கில் கேட்டால் சீவி ஜொயின்ட். நல்ல மெக்கானிக்குக்கு இந்தச் சொல்லே பாதி ஸ்கேன். அதை அவர் மொழியிலேயே, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிவது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிற நமக்கு வெறும் வசதி மட்டுமில்லை, காசும்தான்.

சரி, இப்போது அந்த 85,000 ரூபாய்.

பிரேக் பேட் தேய்ந்து மாற்ற வேண்டி வந்தது. பாஸ் மாற்றினார். “பிரேக் ஒயிலும் கறுத்திருக்கு சார், அதையும் மாத்திருவோம்” என்று பழைய முறையில், ஒருவன் உள்ளே இருந்து பெடலை அமுக்க, இன்னொருவன் கீழே நிப்பிளைத் திறந்து ஒயிலை இறக்கினார்கள். சாதாரணக் காருக்கு அது சரியான முறை. என்னுடையது ஹைபிரிட். பல ஹைபிரிட்களில் பிரேக்கை அழுத்தும்போது காலுக்கும் சில்லுக்கும் நடுவில் கம்ப்யூட்டரும், அழுத்தம் சேர்த்து வைக்கும் ஒரு மின் பம்பும் இருக்கின்றன. வேகம் குறையும்போது மோட்டர் பற்றரியைச் சார்ஜ் பண்ணிக்கொள்ள வேண்டும், மிச்சத்தைத்தான் பேட் பிடிக்க வேண்டும். அதனால் அந்தக் கார்களில் பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுப்பதற்கு ஸ்கேனரைப் பொருத்தி, அது சொல்லும் வரிசையில் வால்வுகளைத் திறந்து மூட வேண்டும். அந்த வசதியுள்ள ஸ்கேனர் பாஸிடம் இல்லை. அவரிடம் இருந்தது பிழைக் கோட் வாசித்து அழிக்கும் சின்னது.

மறுநாள் காலி வீதியில், பம்பலப்பிட்டிச் சந்திக்குக் கிட்ட, டாஷ்போர்டில் மூன்று விளக்கு எரிந்து பீப் அடிக்கத் தொடங்கியது. பெடல் ஒரு மாதிரிப் பஞ்சு போல இறங்கியது. கோட் வாசித்துவிட்டு பாஸ் சொன்னார், பிரேக் பம்ப் போய்விட்டது என்று. கார் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஜப்பான் ரீகண்டிஷன் பம்ப் ஒன்று 85,000 ரூபாய். பூட்டினோம். விளக்கு அப்படியே எரிந்தது. மின்சார, இலத்திரனியல் சாமான் திருப்பி எடுக்கமாட்டோம் என்று பில்லில் சீல் குத்தியிருந்தது.

கடைசியில் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு ஏஜன்ட்டிடமே போனேன். ஸ்கேனரைப் போட்டு முறைப்படி காற்று எடுத்து, புதுப் பம்புக்குக் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டிய அளவுத் திருத்தத்தைச் செய்து, 23,000 ரூபாய் பில் தந்தார்கள். முதல் நாளே அங்கே போயிருந்தால் பழைய பம்பே போதுமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். பாஸுக்கு என் முகத்தைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. கூலி வாங்கவில்லை. பம்ப் காசு போனது போனதுதான்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு நான் ஏஜன்ட்டா கராஜா என்று கேட்பதை விட்டுவிட்டேன். இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க என்ன வேண்டும் என்று கேட்கிறேன். காதும் கையும் வேண்டுமென்றால் பாஸ். அந்தக் கொம்பனியின் கம்ப்யூட்டர் வேண்டுமென்றால் ஏஜன்ட். கார் பழுது பார்ப்பதில் காசு அழிவது பெரும்பாலும் மாற்றும் வேலையில் இல்லை, பிழையைப் பிழையாகக் கண்டுபிடிப்பதில்தான். ஏஜன்ட் ஊகிக்கும்போது நிறைய சாமானை மாற்றச் சொல்லி ஊகிக்கிறான். பாஸ் ஊகிக்கும்போது ஒவ்வொன்றாக மாற்றி ஊகிக்கிறார். இரண்டுக்கும் பில் நம்முடையது.

சஸ்பென்ஷன், பிரேக் பேட், வீல் பெயாரிங், ஒயில், பெல்ட், ரேடியேட்டர், என்ஜின் மவுன்டிங், ஏசியில் காஸ் ஒழுக்கு, இதெல்லாம் கராஜ் வேலை. ஏசியைச் சொல்ல வேண்டும். கடலோரமாக வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கம் இரவில் வெளியே நிற்கும் கார்களுக்கு உப்புக் காற்றில் கன்டென்சர் அரித்துப்போகும். இதை அந்தப் பக்கத்து ஏசிக்காரர்கள் பார்த்த அளவுக்கு வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களிடமே போங்கள்.

ஏர்பேக், ஏபிஎஸ், ஸ்டியரிங் மோட்டர், சாவி புரோகிராம் பண்ணுவது, கியர்பொக்ஸுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர், இதெல்லாம் ஏஜன்ட், அல்லது அந்த ஒரு பிராண்டை மட்டுமே பார்க்கும் பெரிய கராஜ். டுவல் கிளச் கியர்பொக்ஸ் உள்ள ஹொண்டா ஃபிட் ஹைபிரிட், வெசெல் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்தத் தலைமுறைக் கார்களை 2013, 2014இல் ஹொண்டாவே ஜப்பானில் பல தடவை திருப்பி அழைத்து, கியர்பொக்ஸை ஆட்டுவிக்கும் மென்பொருளைத் திருத்தியது. அதைத் தெரு ஓரத்தில் ஸ்பானரால் திருத்த முடியாது.

ஏர்பேக் என்றதும் இன்னொன்று. டகாட்டா கொம்பனியின் ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்கள் உலகம் முழுக்கச் சுமார் 10 கோடி திருப்பி அழைக்கப்பட்டன. அதில் உள்ள அமோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரத்திலும் வருடக் கணக்காகக் கிடந்தால் கெட்டு, விபத்தில் வெடிக்கும்போது உலோகத் துண்டை ஓட்டுபவர் மேல் எறியும். வெப்பமும் ஈரமும் என்றால் கொழும்புக்கு வேறு பெயரே தேவையில்லை. ரீகண்டிஷன் காருக்கு ஜப்பானில் அந்த வேலை செய்து முடித்துத்தான் அனுப்பினார்களா என்று நமக்குத் தெரியாது. செசி நம்பரை வைத்துத்தான் பார்க்க முடியும், அதை ஏஜன்ட்டிடம் கேட்பதுதான் நேர்வழி. என்னதான் கராஜ் பக்தனாக இருந்தாலும் இந்த ஒரு விஷயத்துக்கு ஒரு தடவை ஏஜன்ட்டின் வாசலை மிதியுங்கள்.

ஹைபிரிட் பற்றரிக்குத் தனிக் கதை. நிக்கல் பற்றரிகளில் சின்னச் சின்ன மொடியூல்கள் வரிசையாக இருக்கும், நம் ஊரில் எல்லோரும் அதைச் செல் என்பார்கள். ஒன்று தளர்ந்தாலே பி0ஏ80 என்ற கோட் வந்து சிவப்பு முக்கோணம் எரியும். ஏஜன்ட் முழுப் பற்றரியையும் மாற்றச் சொல்வான். கராஜ் “ஒரு செல்தான் போயிருக்கு, மாத்தித் தர்றேன்” என்று பத்தில் ஒரு பங்கு விலை சொல்லும். கேட்க இனிக்கும். ஆனால் மற்றச் செல்களும் அதே வயதுதான். பழைய வேட்டியில் கிழிந்த இடத்தை மட்டும் தைத்தால் பக்கத்தில் கிழிகிறது. காரை இரண்டு மாதத்தில் விற்கப் போகிறவருக்கு அது சரி (வாங்குகிறவரின் பாவம் வேறு கணக்கு). வைத்து ஓட்டுகிறவர் எல்லாச் செல்லும் புதிதாகப் போட்டு, எழுத்தில் வாரண்டி தரும் ஹைபிரிட் கராஜ் ஒன்றைத் தேடுவது நல்லது. அதற்கும் முன்னால், பின் சீட்டோரம் பற்றரிக்குக் காற்று போகும் ஜன்னல் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். என் காரில் அதன் வாயில் பள்ளிக்கூடப் பையைச் சாத்தி வைப்பதுதான் வழக்கம். உள்ளே ஃபிள்டரைக் கழற்றினால் பூனை ரோமம் மாதிரிப் பஞ்சு. எதுவானாலும் செம்மஞ்சள் நிறக் கேபிள் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். அதில் வருவது நூற்றுக்கணக்கான வோல்ட்.

கராஜைத் தெரிவு செய்தால் பஞ்சிகாவத்தையும் சேர்ந்து வரும். ஏஜன்ட்டிடம் சாமானைப் பற்றி நீங்கள் யோசிக்கத் தேவையில்லை, ஒரிஜினல்தான், விலையும் ஒரிஜினல்தான். பாஸோ சிட்டையில் பெயரை எழுதி உங்கள் கையில் தருவார். அல்லது தானே வாங்கி வருவார், அதில் கடைக்காரன் அவருக்குக் கொஞ்சம் கொடுப்பது ஊரறிந்த சங்கதி. நான் சனிக்கிழமை காலையில் பிக்மீ ஓட்டோவில் போவேன். காரில் போனால் நிறுத்த இடம் தேடியே வெயில் ஏறிவிடும்.

அங்கே உள்ள மொழி வேறு. ஒரே லிங்க் ரொட்டுக்கு நான்கு விலை சொல்வார்கள். முதலாவது ஜெனுயின், அதாவது கார்க் கொம்பனியின் பெட்டியில் வருவது. இரண்டாவது, கார்க் கொம்பனிகளுக்கே சாமான் செய்து கொடுக்கும் ஜப்பான்காரர்களின் சொந்தப் பெயரில் வருவது, டென்சோ, ஐசின், கேவைபி மாதிரி. ஸ்டியரிங், சஸ்பென்ஷன் சாமானில் 555 என்ற பெயருக்கு இங்கே நல்ல மதிப்பு. மூன்றாவது ரீகண்டிஷன், ஜப்பானில் வெட்டிய காரிலிருந்து கழற்றியது. நான்காவது, “இதுவும் நல்லதுதான் தம்பி” என்று சொல்லித் தருவது. நான் வழக்கமாகப் போகும் கடை நானா ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார், “ஜெனுயினா என்று கேக்க வேணாம் தம்பி, எல்லாரும் ஓம் என்றுதான் சொல்லுவாங்க. திருப்பி எடுப்பீங்களா என்று கேளுங்க.” அன்றிலிருந்து அதைத்தான் கேட்கிறேன். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இரண்டாவது ரகம்தான் என் தெரிவு. ஜெனுயினுக்குக் கிட்டத்தட்டச் சமம், விலை குறைவு. ஆனால் அந்தப் பெட்டிகளுக்கும் போலி வருகிறது. ஷொக், பெயாரிங், பிரேக் பேட் மூன்றையும் தெரிந்த கடையில்தான் வாங்குவேன். என்ஜின் ஒயிலை ஏஜன்ட்டின் கவுன்டரில் அல்லது பெரிய நிலையத்தில்தான் வாங்குவேன். காலி ஒயில் கான் காசு கொடுத்து வாங்கப்படும் ஊரில் எனக்கு அதற்கு மேல் காரணம் தேவையில்லை. புதிய சின்ன என்ஜின்களுக்கு 0டபிள்யூ-20 மாதிரி மெல்லிய ஒயில்தான் கேட்டிருப்பார்கள். “நம்ம ஊர்ச் சூட்டுக்கு இது தண்ணி மாதிரி சார்” என்று கெட்டியாக ஊற்றும் பழக்கம் சில கராஜில் உண்டு. கையேட்டில் உள்ளதைக் காட்டிப் பிடிவாதமாக நில்லுங்கள்.

5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில், ஃபிள்டர் மாற்றுவதற்கு இப்போது ஓட்டோ மிராஜ் மாதிரி சேர்விஸ் நிலையங்கள் எங்கும் இருக்கின்றன. அதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. போங்கள், பில் வாங்குங்கள், வாருங்கள்.

புதுக் காரின் கணக்கு முற்றிலும் வேறு. 2025இல் இறக்குமதி திறந்த பிறகு என் அத்தான் ஏஜன்ட்டிடமே புதுக் கார் எடுத்தார். வாரண்டி இருக்கும் வரை வேறெங்கும் போகக்கூடாது என்று அவருக்கு நான் சொன்னேன். அவர் எங்கோ படித்துவிட்டு, வெளியே சேர்விஸ் செய்தாலும் வாரண்டியை நிறுத்த முடியாது, அதற்குச் சட்டம் இருக்கிறது என்று வாதாடினார். இருக்கிறதுதான், அமெரிக்காவில், 1975லிருந்து. வத்தளையில் அதைக் காட்டிப் பிரயோசனமில்லை. இங்கே உங்கள் கையில் உள்ள வாரண்டிப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். எத்தனை கிலோமீற்றருக்கு ஒரு சேர்விஸ், எத்தனை நாள் பிந்தலாம் என்பதை முதல் நாளே படித்து வைக்க வேண்டும். மின்சாரக் கார் என்றால் பேச்சே இல்லை. பிவைடி மாதிரிப் புதிதாக வந்த கார்களை அவிழ்த்துப் பழகிய கை வெளியில் இன்னும் அதிகமில்லை. வாரண்டியும் போய், பழகுகிறவருக்குப் பாடமாகவும் நம் காரே இருக்க வேண்டாம்.

விபத்து என்றால், முழுக் காப்புறுதி இருந்தால் முதலில் காப்புறுதிக்காரருக்கு எடுத்துக் கேளுங்கள், எங்கே கொடுத்தால் எவ்வளவு தருவார்கள், பழைய காருக்குத் தேய்மானம் எவ்வளவு வெட்டுவார்கள் என்று. எஸ்டிமேட் ஒப்புக்கொள்ளும் முன்னர் பம்பரைக் கழற்ற விடாதீர்கள். டிங்கரிங், பெயின்ட் வேலைக்கு என் அனுபவத்தில் நல்ல தனிக் கராஜ்தான். ஆனால் முன்பு அவர்கள் செய்த காரை வெயிலில் நிறுத்திப் பார்க்க வேண்டும், நிழலில் எல்லாப் பெயின்ட்டும் ஒன்றுதான்.

ஏஜன்ட் பில்லில் வற் (பெறுமதி சேர் வரி) 18 சதவீதம் என்று தனியாகக் கண்ணில் குத்தும். 2024 ஜனவரிக்கு முன் 15 ஆக இருந்தது. கராஜில் பலருக்குப் பில் என்றால் சிகரெட் அட்டையின் பின்பக்கம். இந்த வித்தியாசத்தை மிச்சம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பம்ப் விஷயத்தில்தான் விளங்கியது, பில் இல்லாவிட்டால் கேள்வி கேட்க வாயும் இல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறைப்பாடு செய்யலாம், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு அது. அவர்களும் முதலில் கேட்பது பில். இப்போது பாஸிடம் ஒரு பழைய சிஆர் கொப்பி கொடுத்து வைத்திருக்கிறேன். திகதி, ஓடிய தூரம், மாற்றிய சாமான், கூலி, கையெழுத்து. முதலில் கோபித்துக்கொண்டார். “நம்பிக்கை இல்லயா சார்?” என்றார். விற்கும்போது காட்ட என்று சொன்னேன். அது பொய்யுமில்லை. ஏஜன்ட்டிடமே பார்த்த கார் என்றால், மைலேஜ் மீற்றரைக் குறைத்துச் சுற்றியிருக்கிறார்களா என்று வாங்குகிறவர் அங்கே ரெக்கோட் கேட்டுப் பார்க்கலாம், அதற்கென்றே விலை கூடக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கராஜில் வளர்ந்த காருக்கு அந்தக் கொப்பிதான் பிறப்புச் சான்றிதழ். இப்போது அவர் மற்றவர்களுக்கும் கொப்பி போடுகிறார், என்னைக் காட்டிக் கிண்டலும் பண்ணுகிறார்.

புதிதாகக் கராஜ் தேடுகிறவருக்கு என்னிடம் ஒரே ஒரு சோதனைதான் உண்டு. சின்ன வேலை ஒன்றைக் கொடுத்து, பழைய சாமானைத் தரச் சொல்லுங்கள். கேட்காமலே கடதாசியில் சுற்றிக் காரின் டிக்கிக்குள் வைத்திருந்தால் அவரை விடாதீர்கள். கேட்ட பிறகு பெடியனைக் குப்பையில் தேட அனுப்பினால் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். அத்தோடு, “இது எனக்குச் சரிவராது, ஏஜன்ட்டிடம் போங்க” என்று சொல்லத் தெரிந்தவரா என்று பாருங்கள். என்னுடைய பாஸுக்கு அது பம்ப் விஷயத்துக்குப் பிறகுதான் வந்தது.

போன மாதம் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. வழக்கம் போலப் பாமன்கடைக்கு ஓட்டினேன். பாஸ் சின்ன ஸ்கேனரைச் செருகி, பிழைக் கோட்டைப் பார்த்து, அதைக் கொப்பியில் எழுதினார். “சென்சரா இருக்கலாம், வயரா இருக்கலாம். நா மாத்திப் பாக்க மாட்டேன் சார். அங்க குடுத்து ஸ்கேன மட்டும் போடச் சொல்லுங்க, ரிப்போட்ட பிரின்ட் எடுத்துட்டு வாங்க.” ஏஜன்ட்டிடம் ஸ்கேனுக்கு மட்டும் என்று ஜொப் கார்ட் திறந்தேன். எஸ்டிமேட்டில் ஆறு வரி இருந்தது. ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, சோதனைக் காசைக் கட்டிவிட்டுத் திரும்பினேன். பாஸ் அதைக் கூரைக்கு வெளியே வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசைய வாசித்தார். பிறகு பெடியனைக் கூப்பிட்டு, பின் சில்லைக் கழற்றச் சொன்னார். வீல் சென்சருக்குப் போகும் வயரை எலி கடித்திருந்தது.